உஷார்! மே மாதம் ராமேஸ்வரத்துக்கு மீன் சாப்பிடப் போகிறீர்களா?

முழுப் பரீட்சை முடிந்துவிட்டது. ராத்திரி பத்து மணிக்குக் கோவை சரவணம்பட்டியில் சத்தி ரோட்டோரம் நின்றால் டெம்போ டிராவலர்கள் ஆள் ஏற்றிக்கொண்டிருக்கும். எங்கே என்று கேட்டால் ஊட்டிக்கு அடுத்து அதிகம் காதில் விழுவது ராமேஸ்வரம். 2025 ஏப்ரல் 6-ம் தேதி பாம்பன் புது ரயில் பாலம் திறந்ததிலிருந்து, கோயிலோடு பாலத்தையும் பார்த்துவிட்டு வரலாம் என்ற ஆசையும் சேர்ந்துகொண்டது. பாலம், தீர்த்தம், தனுஷ்கோடி, அப்புறம் வயிறாரக் கடல் மீன். இதுதான் நம் ஆட்களின் திட்டம்.

அந்தக் கடைசி விஷயத்தில்தான் உஷாராக இருக்கச் சொல்கிறேன்.

நம் பிள்ளைகளுக்கு லீவு விடும் நேரமும் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலமும் ஒன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கத்துக்காக 2001-லிருந்து இந்தத் தடை இருக்கிறது. முதலில் 45 நாளாக இருந்தது, 2017-ல் 61 ஆனது. ராமேஸ்வரம் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். அவற்றின் முன்னால் செல்ஃபி எடுக்கிறோம். அரை மணி நேரம் கழித்து ஓட்டலில் உட்கார்ந்து, "இன்னைக்குப் பிடிச்ச மீனுங்களா?" என்று கேட்கிறோம். "காலையில வந்தது சார்" என்கிறார்கள். நாமும் நம்பிவிடுகிறோம்.

நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. அவற்றில் வருவது நல்ல மீன். ஆனால் லீவுக் கூட்டம் மொத்தத்துக்கும் அது எங்கே போதும்? மிச்சம் ஐஸ் பெட்டியிலிருந்துதான் வர வேண்டும், இல்லையென்றால் தடை இன்னும் தொடங்காத மேற்குக் கரையிலிருந்து லாரியில் வர வேண்டும். நம் உக்கடம் மீன் மார்க்கெட்டுக்கும் அந்த மாதங்களில் கேரளத்து மீன் அப்படித்தான் வருகிறது. ஐஸில் முறையாக வைத்த மீனில் தப்பில்லை. நடுவில் ஐஸ் கரைந்து, வெயிலில் இரண்டு மணி நேரம் கிடந்து, மறுபடியும் ஐஸுக்குள் போன மீன்தான் ஆபத்து.

போன வருஷம் மே மாதம் எங்கள் குடும்பத்திலேயே இது நடந்தது. ராமேஸ்வரம் தீவில் ஒரு கடையில் மத்தியானச் சாப்பாடு. என் மச்சான் சூரை மீன் குழம்பு வாங்கினார். இரண்டாவது வாயிலேயே, "நாக்குல மிளகு வெச்ச மாதிரி சுருசுருங்குது" என்றார். குழம்பில் காரம் தூக்கல் என்று நினைத்தோம். முக்கால் மணி நேரத்தில் முகமும் கழுத்தும் தக்காளி மாதிரி சிவந்துவிட்டன. தலைவலி, படபடப்பு, உடம்பெல்லாம் அரிப்பு. வெயில் என்று நினைத்து இளநீர் வாங்கிக் கொடுத்தோம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன பிறகுதான் டாக்டர் கேட்டார்: "என்ன மீன் சாப்பிட்டீங்க?"

அது ஹிஸ்டமின் நஞ்சு. சூரை, அயிலை, மத்தி, வஞ்சிரம் போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் அதிகம். மீன் செத்த பிறகு குளிர்ச்சி குறைந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். இதில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. எவ்வளவு கொதிக்க வைத்தாலும், எண்ணெயில் எவ்வளவு முறுகப் பொரித்தாலும், திரும்ப ஐஸில் போட்டாலும் அந்த நஞ்சு போகாது. நாற்றம் வர வேண்டும் என்றும் இல்லை. மசாலா போட்டுவிட்டால் மூக்காலும் கண்டுபிடிக்க முடியாது. வாயில் மிளகுபோலச் சுருக்கென்றால் அந்தத் தட்டை அப்படியே தள்ளிவையுங்கள். முகம் சிவந்தால் டாக்டரிடம் போங்கள். மூச்சு இழுத்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதீர்கள்.

தனுஷ்கோடிச் சாலையோரக் குடிசைக் கடைகளில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். கரைவலை இழுக்கும் இடம் அது. அன்று காலை வலையில் வந்த மீன் கிடைத்தால் அதற்கு ஈடு கிடையாது, நானே சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் பலகை மேல் தட்டில், சிவப்பு மசாலா தடவி, உச்சி வெயிலில் காத்திருக்கும் துண்டுகளைத் தொடாதீர்கள். மசாலா தடவாத முழு மீனைக் காட்டச் சொல்லுங்கள். கண் தெளிவாகப் பிதுங்கி நிற்கிறதா, செவுள் சிவப்பாக இருக்கிறதா, விரலால் அழுத்தினால் சதை திரும்ப எழும்புகிறதா என்று பாருங்கள். காட்ட மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் சூரையை விட்டு விளைமீன் கேளுங்கள், இந்த நஞ்சு அதில் அரிது. அதுவும் மனசுக்கு ஒப்பவில்லையா, கோயில் பக்கம் சைவச் சாப்பாட்டுக் கடைகள் நிறைய இருக்கின்றன. கூட்டம் ஓடுகிற கடையாகப் பார்த்துச் சூடாக இட்லி சாப்பிட்டுக்கொள்ளலாம்.

விலை விஷயம் வேறு. மெனு அட்டையில் மீனுக்கு நேராக விலை போடாமல் 'சைஸைப் பொறுத்து' என்று இருந்தால், ஆர்டர் சொல்வதற்கு முன்பே எடை எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று வாயால் சொல்ல வையுங்கள். இத்தாலியின் சுற்றுலாத் தீவுகளிலும் இதே சிக்கல் உண்டு. அங்கே பல கடைகளில் மீனுக்கு 100 கிராம் விலையைத்தான் அச்சிடுவார்கள். அதை முழு மீனின் விலை என்று நினைத்துப் பில்லைப் பார்த்து அதிர்ந்தவர்கள் ஏராளம். ஆனால் அங்கே ஒரு நல்ல வழக்கமும் இருக்கிறது: உறைய வைத்த மீன் என்றால் மெனுவில் அதன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். நம்மிடம் அந்தக் குறி இல்லாததால் வாய்விட்டுக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஆட்டோக்காரர் தானாகக் கூட்டிப்போகும் ஓட்டலுக்குள் யோசிக்காமல் நுழையாதீர்கள். பில் கேட்டு வாங்குங்கள். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் பில்லில் இருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரி 1 முதல் கட்டாயம். உடம்புக்கு முடியாமல் போனால் அந்தப் பில்தான் சாட்சி. நாங்கள் பில் வாங்காமல் வந்தோம், அதனால் யாரிடமும் முறையிட முடியவில்லை.

வண்டி ஏறுவதற்கு முன்பே தமிழக உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் புகார் எண்ணைப் போனில் பதிந்துகொள்ளுங்கள்: 94440 42322.