வகுப்பறையில் நான் கற்ற நான்கு பாடங்கள்

கற்பித்தல் ஒரு கலை என்பர். அக்கலையை நான் பட்டத்தால் பெறவில்லை. ஆறாம் வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்திருந்த ஒரு சிறுமியிடம் பெற்றேன். இக்கல்லூரியில் கணிதம் பயின்று, கல்வியியல் பட்டமும் பெற்று, இன்று ஒரு சிற்றூர் நடுநிலைப் பள்ளியில் ஆசிரியனாகப் பணியாற்றும் நான், ஆசிரியப் பணியை நாடும் இளவல்களுக்கு என் பட்டறிவைக் கூற விழைகிறேன்.

ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளை உயர் தொடக்க நிலை என்கிறோம். இப்பருவத்துக் குழந்தை விரல்விட்டு எண்ணும் நிலையைக் கடந்துவிட்டது. குறியீடுகளை மட்டும் கொண்டு சிந்திக்க இன்னும் முழுமையாகப் பழகவில்லை. தனக்குத் தெரியாததை மறைக்கவும் தெரிந்துகொண்ட வயது அது. ஆகவே இங்குக் கற்பிப்பது எளிதன்று.

தவறும் ஓர் ஆசான்

பணியேற்ற முதலாண்டில், அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னேன். பாதிக்கு மேற்பட்டோர் ஐந்தில் இரண்டு என எழுதியிருந்தனர். தொகுதிகளைத் தனியாகவும் பகுதிகளைத் தனியாகவும் கூட்டிவிட்டனர். சிவப்பு மையால் அடித்து, விதியைப் பத்து முறை எழுதச் சொன்னேன். மறுவாரமும் அதே தவறு! அப்போதுதான் சிந்தித்தேன். அது கவனக்குறைவன்று, முழு எண்களையே கூட்டிப் பழகியவர்கள், பின்னத்தையும் இரண்டு தனி எண்களாகக் கருதிவிட்டனர்.

மறுநாள் பழைய செய்தித்தாளைப் பட்டைகளாகக் கத்தரித்து, ஆறு சம பாகமாக மடிக்கச் செய்தேன். அரை என்பது மூன்று பாகம். மூன்றில் ஒன்று என்பது இரண்டு பாகம். கூடினால் ஆறில் ஐந்து. விதி அவர்கள் கையிலேயே பிறந்தது.

தசமத்திலும் இத்தகைய மயக்கம் உண்டு. 0.5ஐவிட 0.35 பெரிது என்பர். 5ஐவிட 35 பெரிதல்லவா! நான் காசுக் கணக்கில் விளக்க முயன்றேன். 25 காசும் அதற்குக் குறைந்த நாணயங்களும் 2011இல் செல்லாதனவாயின. குழந்தைகள் திருதிருவென விழித்தனர். மீட்டர் அளவுகோலில் 50 செ.மீ., 35 செ.மீ. இரண்டையும் காட்டியதும் ஐயம் அகன்றது. எடுத்துக்காட்டு ஆசிரியரின் இளமையிலிருந்தன்று, மாணவரின் வாழ்விலிருந்தே வரவேண்டும்.

மூன்று நொடிப் பொறுமை

அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைப் பேச்சை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். வினாக் கேட்டபின் ஆசிரியர்கள் ஏறத்தாழ ஒரு நொடியே காத்திருந்தனர். 3 நொடியேனும் காத்திருந்தபோது விடைகள் நீண்டன, வாய்திறவாதோரும் பேசினர்.

இதைப் படித்த மறுநாள், "ஐந்தில் இரண்டு ஏன் தவறு?" என்று கேட்டுவிட்டு மனத்துள் எண்ணத் தொடங்கினேன். வழக்கமாக உயரும் கைகள் உயர்ந்தன. நான் அசையவில்லை. கடைசி வரிசைச் சிறுமி மெல்ல எழுந்தாள். "சார், அஞ்சுல ரெண்டுன்னா பாதிகூட இல்லையே. பாதியோட இன்னும் சேர்த்தா எப்படி சார் குறையும்?" என்றாள்.

நான் வாயடைத்துப் போனேன். மந்தமானவள் என்று நான் மனத்தில் முத்திரை குத்தியிருந்த பெண் அவள். முதல் பருவம் முழுவதும் அவளிடம் ஒரு வினாவும் கேட்டதில்லை என்பது அன்றுதான் உறைத்தது. இத்தகைய குழந்தைகள் ஓசையின்றி ஒவ்வொரு வகுப்பாய் ஏறிவிடுகின்றனர். உயர்நிலைப் பள்ளியில் இடறும்போது, படிப்பு ஏறவில்லை என்று வீட்டார் நிறுத்திவிடுகின்றனர். பெண் குழந்தையாயின் சொல்லவே வேண்டியதில்லை. பறிபோவது மதிப்பெண்ணன்று, ஒரு வாழ்வு.

இருவர் இருவராக

தனியே சிந்தி, அருகிலிருப்பவரோடு பேசு, பின்பு வகுப்புக்குச் சொல் என்னும் முறையை 1981இல் பிராங்க் லைமன் என்பவர் வகுத்தார். நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒருவர் விடைகூற, முப்பத்தொன்பது பேர் வாளாவிருப்பர். இணை இணையாகப் பேசவிட்டால் இருபது பேர் ஒரே நேரத்தில் பேசுவர். சத்தம் எழும், தலைமையாசிரியரும் எட்டிப் பார்ப்பார். அஞ்ச வேண்டா! இரண்டு நிமிடம் என வரம்பு வையுங்கள். தன் விடையையன்றித் தன் தோழனின் விடையைக் கூறச் சொல்லுங்கள். கேட்கும் பழக்கமும் வளரும்.

மதிப்பெண் இல்லாத் தேர்வு

ரோடிகர், கார்ப்பிக் என்னும் இரு உளவியலாளர் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்கு நினைவுகூர்ந்தனர். ஆனால் ஒரு வாரம் கழித்து, பாராமல் எழுதிப் பார்த்தவர்களே விஞ்சினர். எனவே பாட வேளையின் முதல் ஐந்து நிமிடத்தில் மூன்று வினாக்கள் தருகிறேன்: ஒன்று நேற்றையது, ஒன்று சென்ற வாரத்தது, ஒன்று சென்ற மாதத்தது. மதிப்பெண் இல்லை, மாணவரே திருத்திக்கொள்வர். அச்சம் இல்லாததால் மறைப்பும் இல்லை.

இந்நான்கிற்கும் பெரும்பொருள் வேண்டியதில்லை. பழைய செய்தித்தாளும் சுண்ணக்கட்டியும் போதும். அவற்றினும் மேலாகப் பொறுமை வேண்டும். நாளை வகுப்பறையில் நிற்கப்போகும் நண்பர்களே! வினாக் கேட்டபின் ஒரு கணம் கடைசி வரிசையைப் பாருங்கள். அங்கே ஒரு விடை, எழுந்து நிற்கத் துணிவு தேடிக்கொண்டிருக்கலாம். அதற்காகக் காத்திருப்பதே கற்பித்தலின் முதற்படி என்பேன்.