ராணிக்குப் பெயர் என்ன?

"அம்மா, பெருங்கோப்பெண்டுங்கறது பேரா, பட்டமா?" என்று கேட்டாள் பெண். மறுநாள் அவளுக்குத் தமிழ்ப் பரீட்சை. நான் படித்தது பத்தாவது வரைக்கும்தான். அடுப்பை அணைத்துவிட்டு அவளோடு உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டினேன்.

பட்டம்தான். கோ என்றால் அரசன், பெண்டு, மனைவி. அரசனின் மூத்த மனைவி, பட்டத்து ராணி என்று அர்த்தம். புறநானூற்றில் 246-ஆம் பாட்டைப் பாடியவள் இவள். கணவன் பூதப்பாண்டியன் இறந்ததும் தீயில் இறங்கப் போகிறாள். தடுக்க வந்த சான்றோர்களிடம், கைம்மை நோன்பில் கிடப்பதைவிட எனக்கு இந்தத் தீயே குளிர்ச்சி என்கிறாள். படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துப் போயிற்று. அப்படிப் பாடியவளுக்குப் பெற்றவர்கள் என்ன பெயர் வைத்தார்களோ, அது பாட்டோடு வரவில்லை. கணவன் பெயர் மட்டும் பத்திரமாக இருக்கிறது!

சிலப்பதிகாரத்திலும் இதே கதைதான். கண்ணகி வழக்காடிய சபையில், பாண்டியன் நெடுஞ்செழியன் உயிர் விட்டதும் கூடவே உயிர் விட்டவள் கோப்பெருந்தேவி. அதுவும் பட்டம்தான்.

ராணி என்ற சொல் வடமொழி 'ராஜ்ஞி'யிலிருந்து வந்தது. ராஜாவின் மனைவியும் ராணி, தானே நாடாண்டவளும் ராணி. வித்தியாசமே தெரியாது.

பரீட்சைப் படிப்பு எங்கேயோ போய்விட்டது. பெண் சரித்திரப் புத்தகத்தையும் எடுத்து வந்து, "ரஷ்யாவிலே எப்படிம்மா?" என்றாள். அங்கே அரசன் ஜார், மனைவி ஜாரிட்சா, மகள் ஜாரெவ்னா. ஜார் என்ற சொல்லே ரோமாபுரி ஜூலியஸ் சீசரின் பெயரிலிருந்து வந்ததுதான். பாருங்களேன், ஆண்பிள்ளையின் பெயர் பட்டமாகி உலகம் சுற்றுகிறது. இங்கே பெண்பிள்ளையின் பெயரைப் பட்டம் விழுங்கிவிட்டது. 1762 முதல் 1796 வரை ரஷ்யாவை ஆண்ட மகாராணி காதரினுக்குக்கூடப் பெற்றவர்கள் வைத்த பெயர் சோஃபி. ஜெர்மனியிலிருந்து மருமகளாகப் போன இடத்தில், 1744-இல் மதத்தோடு பெயரையும் மாற்றினார்கள். நம் ஊரிலும் புகுந்த வீட்டில் பெயர் மாற்றுகிற வழக்கம் இருந்ததே, என் அத்தை ஒருத்திக்கே நடந்தது.

அதே காலத்தில் நம் பக்கத்தில் வேலு நாச்சியார். நாச்சியார் என்றால் தலைவி. ஆண்டாளையும் அப்படித்தான் சொல்கிறோம். இதில் கணவன், அரசன் என்ற பேச்சே இல்லை. 1772-இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். எட்டு வருஷம் ஒளிந்திருந்து, ஹைதர் அலியின் உதவியோடு 1780-இல் சிவகங்கையை மீட்டாள் அந்த அம்மாள். முன்னால் 'வேலு' என்று சொந்தப் பெயரும் கெட்டியாக நிற்கிறது. நம் மங்கம்மாளும் அப்படித்தான். 1689-இல் மகன் போனபின் கைக்குழந்தைப் பேரனுக்காக மதுரையை ஆண்டாள். ரயில் நிலையத்துக்கு எதிரே சத்திரத்தைக் கேட்டுப் பாருங்கள், மங்கம்மாள் சத்திரம் என்றுதான் சொல்வார்கள்.

இதற்கெல்லாம் மேலே ஒருத்தி இருக்கிறாள், தடாதகைப் பிராட்டியார். பிரான் என்பதற்குப் பெண்பால் பிராட்டி. மலையத்துவச பாண்டியனின் மகளாகப் பிறந்து மதுரையை ஆண்ட மீனாட்சிதான் அவள். சித்திரைத் திருவிழாவில் அவளுக்குத்தான் பட்டாபிஷேகம், செங்கோல் எல்லாம். ஆவணியில்தான் அது சுவாமி கைக்கு மாறும்.

அந்த ஆவணியிலேயே எங்கள் ஆரப்பாளையம் புட்டுத்தோப்புக்குச் சுவாமி மண் சுமக்க வருவார். நானும் பெண்ணும் வருஷா வருஷம் போவோம். கூட்டத்தில் அவளிடம், "புட்டு அவிச்சு வித்த கிழவிக்குப் பேர் என்னடி?" என்று கேட்டேன்.

"வந்தி. செம்மனச்செல்வின்னும் சொல்வாங்க" என்றாள் யோசிக்காமல்.