ஆல்டைன் சாய்வெழுத்து

ஆல்டைன் சாய்வெழுத்து என்பது அச்சுக்கலையில் முதன்முதலாகப் பயன்பட்ட சாய்வு அச்செழுத்து ஆகும். வெனிசு நகர அச்சகத்தாரும் பதிப்பாளருமான ஆல்டசு மனூசியசுக்காக, பொலோனியாவைச் சேர்ந்த பிரான்செசுகோ கிரிஃபோ இதனைச் செதுக்கினார். இத்தாலியில் தோன்றியதால் இவ்வகை எழுத்துகள் ஆங்கிலத்தில் 'இட்டாலிக்' எனப்படுகின்றன.

வரலாறு

1500இல் வெளியான சியன்னாவின் புனித கத்தரீனின் கடிதத் தொகுப்பில், ஒரு படத்திலுள்ள சில சொற்களில் மட்டும் இவ்வெழுத்து இடம்பெற்றது. 1501இல் உரோமைக் கவிஞர் வெர்ஜிலின் படைப்புகள் முழுவதும் இதில் அச்சிடப்பட்டன. கையடக்கமான எண்மடி அளவில் ஆல்டசு வெளியிட்ட இலக்கிய நூல்களுக்கு இது அடையாளமாயிற்று.

வடிவமைப்பு

அக்கால அறிஞர்கள் விரைந்து எழுதப் பயன்படுத்திய கூட்டெழுத்துக் கையெழுத்தே இதன் முன்மாதிரி. கையெழுத்தின் ஓட்டத்தைக் காட்டுவதற்காக, இரண்டு மூன்று எழுத்துகள் சேர்ந்த இணைப்பெழுத்துகள் பல வார்க்கப்பட்டன. சிற்றெழுத்துகள் மட்டுமே சாய்ந்திருந்தன. பேரெழுத்துகள் சிறியனவாக, நிமிர்ந்தே நின்றன. பேரெழுத்துகளையும் சாய்க்கும் வழக்கம் பின்னரே பரவியது.

நேர் எழுத்தை அப்படியே சாய்த்தால் சாய்வெழுத்து ஆகிவிடாது. அதன் எழுத்துகள் தனியாக வரையப்படுபவை. எடுத்துக்காட்டாக, நேர் வடிவில் இரண்டு அடுக்காக உள்ள சிறிய 'ஏ', சாய்வில் ஒரே வளைவும் தண்டுமாக மாறுகிறது. எழுத்தின் முனைகளில் உள்ள செரிஃப் எனும் சிறு கோடுகளும், பேனா தொடங்கி முடிக்கும் வளைவுகளாகின்றன.

உரிமைச் சிக்கல்

1502இல் வெனிசு ஆட்சி மன்றம் இவ்வெழுத்தைப் பயன்படுத்தும் தனியுரிமையை ஆல்டசுக்கு வழங்கியது. வெனிசின் எல்லைக்கு வெளியே அது பலிக்கவில்லை. பிரான்சின் லியோன் அச்சகங்கள் போலிகளை வெளியிட, 1503இல் ஆல்டசு அவற்றின் பிழைகளைப் பட்டியலிட்டு எச்சரிக்கை வெளியிட்டார். தனியுரிமை ஆல்டசிடம் இருந்ததால், எழுத்தைச் செதுக்கிய கிரிஃபோவுக்கு அதில் பங்கில்லை. அவர் வெனிசை விட்டு வெளியேறி, ஃபானோ நகரில் கெர்சோம் சொன்சினோ என்ற அச்சகத்தாருடன் இணைந்தார். ஆல்டசின் எழுத்துகளை உருவாக்கியவர் கிரிஃபோவே என்று சொன்சினோ 1503இல் தாம் வெளியிட்ட பெட்ரார்க் நூலில் எழுதினார்.

பயன்பாடு

தொடக்கத்தில் முழு நூலையும் அச்சிடுவதற்கான தனி எழுத்தாகவே இது இருந்தது. பின்னர் நேர் எழுத்துக்குத் துணையாயிற்று. இன்று இலத்தீன் எழுத்தில் அச்சாகும் நூல்களில் நூற்பெயர்கள், பிறமொழிச் சொற்கள், அழுத்தம் தரவேண்டிய சொற்கள், உயிரினங்களின் அறிவியல் பெயர்கள், கணித மாறிகள் ஆகியவை சாய்வெழுத்தில் இடப்படுகின்றன. சுற்றியுள்ள எழுத்துகள் நிமிர்ந்திருப்பதாலேயே அது கண்ணில் படுகிறது. பக்கம் முழுவதும் சாய்ந்தால் அப்பயன் கிடைக்காது.