மலையும் திரையும் – 9: பங்களாவிலிருந்து பார்க்கும் கண்

'பாரடைஸ்' படத்தில் களவு போவது மடிக்கணினியும் கைப்பேசிகளும். அதற்காக மூன்று தோட்டத்து ஆண்களைப் பொலிஸ் பிடித்து வருகிறது. இந்த வாரம் பார்த்த படங்களில் என்னை விட்டு அகலாமல் நிற்பது இதுதான்.

சென்ற வாரம் வி.பி.கணேசனின் 'புதிய காற்று' பற்றி எழுதினேன். 1975இல் ஒரு தொழிற்சங்கத் தலைவர் தன் மக்களின் கதையைத் தானே திரைக்குக் கொண்டுவரத் துணிந்தார். இந்த வாரப் படங்கள் வெளியிலிருந்து மலைக்கு வந்தவர்கள் எடுத்தவை. வெளியிலிருந்து வந்தவர்கள் என்பதாலேயே அவற்றைத் தள்ளிவிட முடியாது. நம்மை அவர்கள் எங்கே நிறுத்துகிறார்கள், கமராவை எங்கே வைக்கிறார்கள் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

பிரசன்ன விதானகே சிங்கள இயக்குநர். 'பாரடைஸ்' பெரும்பாலும் மலையாளத்தில் பேசும் படம். மணிரத்னத்தின் மெட்ராஸ் டாக்கீஸ் வழங்கியது. 2023இல் பூசான் திரைப்பட விழாவில் கிம் ஜிசியோக் விருதைப் பெற்றது. திருமணமாகி ஐந்தாவது ஆண்டைக் கொண்டாட கேரளத்திலிருந்து கேசவும் அம்ரிதாவும் (ரோஷன் மாத்யூ, தர்ஷனா ராஜேந்திரன்) நம் மலைக்கு வருகிறார்கள். வந்த காலம் 2022. நாடு வங்குரோத்தாகி, எரிபொருளும் மின்சாரமும் இல்லாமல் சனம் தெருவில் நிற்கிறது. டொலர் கொண்டு வருபவருக்கு மட்டும் எல்லாம் கிடைக்கிறது. இராமாயணத் தலங்களைக் காட்டுகிறார் வழிகாட்டி அன்ட்ரூ. தங்குவது பழைய துரைமார் காலத்துப் பங்களா. இரவில் களவு நடக்கிறது.

கேசவுக்குத் தன் பொருட்கள் வேண்டும். வேலையெல்லாம் அதற்குள் இருக்கிறது. சார்ஜன்ட் பண்டாரவை (மகேந்திர பெரேரா) நெருக்குகிறான். அந்த நெருக்குதலை எங்கே இறக்கி வைப்பது என்று சார்ஜன்ட்டுக்குத் தெரியும். லயத்திலிருந்து மூன்று பேரைக் கொண்டு வருகிறார். இருட்டில் முகம் பார்க்கவில்லையே என்று அம்ரிதா தயங்குகிறாள். கேசவ் தயங்கவில்லை. அடிபட்டவர்களில் ஒருவர் இறந்துபோகிறார். அதன் பிறகு நடப்பதைப் படத்திலேயே பாருங்கள்.

அந்த அடையாளம் காட்டும் காட்சியை இரண்டாம் முறை ஓடவிட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவன். மறுபக்கம் இலங்கை அரசின் சீருடை. நடுவில் தோட்டத்துத் தமிழர்கள். அவர்கள் யார், என்ன செய்தார்கள் என்பதை மற்ற இருவரும் தீர்மானிக்கிறார்கள். எனக்கு 1964 ஒக்டோபர் 30தான் நினைவுக்கு வந்தது. அன்று சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட குடியுரிமை ஒப்பந்தத்தில் மலையகத் தமிழரான நம்மவர் 975,000 பேர் எண்களாக இருந்தார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மீதி 150,000 பேரின் கதியைப் பிறகு பேசலாம் என்று ஒத்திவைத்து, 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பிரிக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. விதானகே இதை மனதில் வைத்துத்தான் எடுத்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை. ஹட்டனில் வளர்ந்த ஒருவன் அந்தக் காட்சியை வேறு எப்படியும் பார்க்க முடியாது. நம் பாட்டன்மார் கப்பலேறி வந்த அதே தென்னிந்தியாவிலிருந்து வந்தவன்தான் கேசவும்.

ராஜீவ் ரவியின் ஒளிப்பதிவு அழகானது. மூடுபனி, ஈரமான புல், பங்களாவுக்கு அருகே வந்து நிற்கும் மரை. அம்ரிதாவும் அந்த மரையும் ஒன்றையொன்று பார்த்து நிற்கும் இடத்தில் மனம் உருகியது. ஆனால் கமரா பங்களாவில் குடியிருக்கிறது. நாங்கள் பங்களாவைக் கீழே மலையில் நின்று அண்ணாந்து பார்த்தவர்கள். உள்ளே போவதென்றால் பின்பக்கத்துக் குசினி வழியாகத்தான். படம் முழுக்க அந்தக் குசினிக்கும் லயத்துக்கும் இடையிலான பாதையில் ஒரு தடவையாவது கமரா இறங்கி நடக்காதா என்று காத்திருந்தேன். அந்தப் பஞ்ச காலம் லயத்துக் காம்பராக்களுக்குள் எப்படி வந்தது என்பதும் படத்தில் இல்லை. எங்களுக்கு அது பெற்றோல் வரிசைக்கு முன்பே கோதுமை மாவின் விலையாக வந்தது. காலையில் ரொட்டி சுட்டுக் கட்டிக்கொண்டு கொழுந்துக்குப் போகிறவர்களுக்கு மா விலை ஏறுவது என்றால் என்னவென்று இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். ஆனாலும் நம் சாவை ஒரு உல்லாசப் பயணக் கதையின் நடுவே வைத்து, அதற்கு யார் பொறுப்பு என்று பார்ப்பவனைத் திருப்பிக் கேட்கும் துணிவுக்காக இந்தப் படத்தை நான் மதிக்கிறேன்.

இதே இயக்குநரின் 2012ஆம் ஆண்டுப் படமான 'ஒப நத்துவ ஒப எக்க'வையும் மறுபடி பார்த்தேன். தஸ்தயேவ்ஸ்கியின் ஒரு சிறுகதை பொகவந்தலாவைக்கு வந்திருக்கிறது. முன்னாள் சிப்பாயான சரத்சிறி அங்கே அடகுக் கடை வைத்திருக்கிறான். போரில் சகோதரர்களை இழந்த வடக்குப் பெண் செல்வி அவனிடம் நகை அடகு வைக்க வருகிறாள். ஒருவரை ஒருவர் அறியாமலே கட்டிக்கொள்கிறார்கள். செல்வியாக நடித்த அஞ்சலி பாட்டீல் கோவா விழாவில் சிறந்த நடிகை விருது பெற்றவர். கணவன் எந்தச் சீருடையில் இருந்தான் என்று தெரிய வந்த பின் அவருடைய கண்களில் வந்து உட்காரும் அந்நியத்தை இப்போது பார்த்தாலும் நெஞ்சு அடைக்கிறது. 2014இல் சென்னையில் எதிர்ப்பு எழுந்து இந்தப் படத்தின் காட்சிகள் நிறுத்தப்பட்டன. பார்த்துவிட்டுச் சண்டை பிடித்திருக்கலாம் என்பது என் கருத்து. அடகுக் கடை இங்கே வெறும் பின்னணி அல்ல. தீபாவளிக்கும் பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கும் தோடும் சங்கிலியும் அங்கே போய்த் திரும்பிவரும், சில வேளை திரும்பாது. செல்வி கவுண்டருக்கு முன்னால் நிற்கும் விதத்தைத் தோட்டத்துப் பெண்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

பாலாவின் 'பரதேசி'யைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பி.எச்.டேனியலின் நாவலான 'எரியும் பனிக்காடு' காட்டிய வால்பாறைத் தோட்டங்களின் கொடுமை அதன் அடிப்படை. கங்காணி ஆசை காட்டும் காட்சியும் நெடுநடையும் நம் முன்னோரின் கதைகளோடு அப்படியே பொருந்துகின்றன. மலையேறிய பிறகு பாலா வலியின் மேல் வலியாக அடுக்கிக்கொண்டே போகிறார். அங்கே மனிதர்கள் மறைந்து துன்பம் மட்டும் மிஞ்சுகிறது.

லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018) நேர்மாறு. தேனிப் பக்கத்து ஏலக்காய் மலை. ரங்கசாமி சுமை சுமக்கிறான், நடக்கிறான், வழியில் காண்பவர்களோடு பேசுகிறான், தேத்தண்ணி குடிக்கிறான். தேனி ஈஸ்வரின் கமரா அவன் தோளுக்குப் பின்னால் அவன் வேகத்திலேயே ஏறுகிறது. அவனுக்கு வேண்டியது ஒரு துண்டுக் காணி. அதற்காகச் சேர்த்த காசெல்லாம் ஏலக்காய் மூட்டையாகி, அந்த மூட்டை பள்ளத்தில் உருண்டு போகும்போது யாரும் அழுவதில்லை, இசையும் ஓலமிடுவதில்லை. ஏழு பேர்ச் காணிக்கு உறுதிப் பத்திரம் எப்போது கிடைக்கும் என்று இங்கே காத்திருக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும். நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலாகத் தேயிலை நட்ட மலையில் வீட்டு வாசலில் கறிவேப்பிலைக் கன்று வைக்கவும் தோட்ட நிர்வாகத்தின் முகத்தைப் பார்க்க வேண்டிய வாழ்க்கை இது. கடைசியில் ரங்கசாமி தனக்கென்று கனவு கண்ட நிலத்தில் காற்றாலைக்குக் காவல்காரனாக உட்கார்ந்திருக்கிறான். அங்கே கமரா மெல்ல மேலே எழுந்து விலகுகிறது. இந்த வாரம் பார்த்த நான்கு படங்களில், நம்மை உயரத்திலிருந்து பார்க்கும் உரிமையைச் சம்பாதித்துக்கொண்டு பார்த்த கமரா அது ஒன்றுதான்.

தோட்டத்து வாசிகசாலைகளை நடத்தும் இளைஞர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு ப்ரொஜெக்டரும் வெள்ளை வேட்டியும் போதும். முதலில் 'மேற்குத் தொடர்ச்சி மலை'யைப் போடுங்கள். கொழுந்து நிறுத்து முடித்து, குளித்து, சமைத்துப் பெண்கள் ஓயும் நேரமாகப் பார்த்து வையுங்கள். படம் முடிந்ததும் அவர்களைப் பேசச் சொல்லி, சொல்வதை எழுதி அனுப்புங்கள். அடுத்த வாரம் சுமதி சிவமோகனின் 'இங்கிருந்து' பற்றிப் பேசும்போது அந்தக் கடிதங்களும் என் மேசையில் இருக்க வேண்டும்.

(தொடரும்)