பனி குடிக்கும் வண்டி

“கனடா மாமா அனுப்பின படத்தில் ஒரு வண்டி. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, பின்னால் சில்லே இல்லை. எப்படி ஓடும்?” என்று எலுவன்குளத்து மாணவி ஒருத்தி எழுதிக் கேட்டிருக்கிறாள்.

அந்த ஊர்ப் பிள்ளை கேட்கவேண்டிய கேள்விதான். கலா ஓயா பெருகிச் சப்பாத்துப் பாலத்தை மூடினால் வில்பத்துக் காட்டுப் பாதை அங்கேயே நின்றுவிடும். கனடாவின் கியூபெக்கில் பனி அதைத்தான் செய்தது. 1934இல் ஜோசப் அர்மண்ட் பொம்பார்டியே என்ற மெக்கானிக்கின் இரண்டு வயது மகனை, பாதையெல்லாம் பனி மூடியதால், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை. பிள்ளை இறந்துபோனான். சிறுவயதிலிருந்தே பனிவண்டி கட்டிப் பார்த்த மனிதர், அதன்பின் அந்த வேலையை விடவேயில்லை. 1959இல் வந்த ‘ஸ்கிடூ’ பனிவண்டி அவருடையது.

பனிவண்டியில் சில்லுக்குப் பதிலாக அகலமான றப்பர்ப் பட்டி சுழலும். பாரம் பரவுவதால் வண்டி புதையாது. சேற்று வயலில் இரும்புச் சில்லு பூட்டின உழவு இயந்திரத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

எனக்குப் பிடித்த விசயம் வேறு. இன்றைய பனிவண்டிகள் பலவற்றில் எங்கள் ஜீப்புக்கு இருப்பதுபோல முகப்பில் பெரிய றேடியேற்றர் கிடையாது. இருக்கைக்கு அடியில் கூலன்ட் ஓடும் அலுமினியத் தகடு இருக்கும். பட்டி வாரியிறைக்கும் பனி அதில் பட்டு உருகும்போது எஞ்சின் சூட்டை வாங்கிக்கொள்ளும். ஒரு கிலோ பனிக்கட்டி வெறுமனே உருகுவதற்கு வேண்டிய சூடு, அதே அளவு குளிர்நீரை 80 பாகைவரை ஏற்றப் போதும்!

இதில்தான் வேடிக்கை. காற்று பனியைத் துடைத்துவிட்ட ஏரியில், வெறும் பனிக்கட்டிமேல் ஓட்டினால், உறைகுளிரிலும் எஞ்சின் கொதிக்கும். அதற்காக இரண்டு வில்லுக்கம்பிகளைத் தரையில் உரச விடுவார்கள். அவை கட்டியைக் கீறித் தூளாக்க, பட்டி அந்தத் தூளை மேலே எறியும்.

எங்கள் ஜீப்புக்கு வார்க்கப் பனி ஏது? ஒரு ஆவணியில் வில்பத்தில் பொம்பரிப்புப் பக்கம் அது கொதித்து நின்றது. கையில் சாரத்தைச் சுற்றி றேடியேற்றர் மூடியைத் திறந்து, குடிக்க வைத்திருந்த கடைசிப் போத்தல் தண்ணீரையும் வார்த்தோம். தாகம் எங்களுக்கு.

1968 ஏப்ரலில் அமெரிக்கரான ரால்ஃப் பிளேஸ்டட் குழு ஸ்கிடூவிலேயே வட துருவம் போய்ச் சேர்ந்தது. அந்த எஞ்சின்கள் காற்றாலேயே ஆறின. வழியில் கடல்மேல் மிதக்கும் பனிக்கட்டி வெடித்துப் பிளந்தால் அந்தப் பிளவு மூடும்வரை காத்திருக்க வேண்டும். வில்பத்தில் சிறுத்தை நிற்கிறதென்று ஃபோன் வந்ததும் புழுதி கிளப்பிப் பறக்கும் சஃபாரி ஜீப்காரருக்கு அந்தப் பொறுமையில் கால்வாசி வாய்த்தாலும் போதும். சிறுத்தை இன்னும் கொஞ்சநேரம் நிற்கும்.

பிள்ளை, மாமாவிடம் இன்னொரு படம் கேளுங்கள். வண்டிக்குக் கீழே அந்த இரண்டு கம்பியும் தெரிகிற மாதிரி.