வளைந்து செல்லும் ஒளி

மணப்பாட்டு மணற்குன்றின்மேல் நிற்கும் கலங்கரை விளக்கத்தின் ஒளி, இருட்கடலின்மீது நேர்க்கோடாகச் செல்வதையும், செல்லச்செல்ல விரிந்து மங்குவதையும் நாம் அறிவோம். நெடுந்தூரம் விரியாமலும், வளைந்தும், தடைப்பட்டால் தன்னைத் தானே செப்பனிட்டுக்கொண்டும் செல்லும் ஒளிக்கற்றை உண்டோ எனின், உண்டு என்கின்றனர் இக்கால விஞ்ஞானிகள். அதன் இயல்பை ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

பளபளக்கும் கிண்ணத்திற் பாலூற்றி, வெயில் சாய்வாகப் படும்படி வைப்போமாயின், பாலின்மேல் வளைந்த ஒளிக்கோடு ஒன்று தோன்றும். கிண்ணத்தின் சுவரிற் பட்டு மீளும் கதிர் ஒவ்வொன்றும் நேரே செல்வதே; அக்கதிர்கள் அடுத்தடுத்துத் தொட்டுச் செல்லும் எல்லையே வளைவாகத் தோன்றுகிறது. வானவில்லும் இத்தகைய எல்லையே. அவ்வெல்லையின் அருகே ஒளியின் செறிவு எவ்வாறு அமையும் என்பதை ஜார்ஜ் ஏரி என்னும் ஆங்கிலேய அறிஞர் 1838-இல் கணித்தார். அக்கணிதத்தின் வடிவுடைய அலை, விரியாமல் வளைந்து செல்லும் என்று பெர்ரி, பாலாஜ் என்னும் இருவர் 1979-இல் காட்டினர். 2007-இல் அமெரிக்க நாட்டின் புளோரிடாவிற் சிலர், லேசர் ஒளியின் அலைமுகத்தைக் கணக்கின்படி ஆங்காங்கே முன்பின்னாக்கி, அவ்வளைவைச் சோதனையிற் கண்டனர்.

இக்கற்றையில் ஒளிமிக்க ஒரு முதற்கீற்றும், அதன் பக்கத்தே மெலிந்த பல கீற்றுகளும் உள. முதற்கீற்றை ஒரு சிறு துகள் மறைப்பினும், பக்கத்துக் கீற்றுகளின் ஒளி வந்து சேர்ந்து, சிறிது தூரத்தில் அதனை மீண்டும் உருவாக்கும். நாட்டிய கழியைக் கடந்த கடலலை அப்பாற் கூடுவதை இதற்கு ஒருபுடை ஒப்பாகக் கொள்ளலாம். இதே வடிவை வளையமாக அமைப்பின், ஒளி எப்பக்கமும் உள்நோக்கி வளைந்து, ஓரிடத்தில் திடீரெனக் குவியும்.

இதனால் இயற்கையின் விதி பிறழ்ந்ததோ எனின், அன்று. வளைவது முதற்கீற்றே, கற்றையின் ஒளி முழுவதையும் கூட்டிப் பார்ப்பின், அதன் நடுநிலை நேரேயே செல்கிறது. மேலும், வன்மை அளவுபட்ட கற்றை இவ்வியல்பைக் குறித்த தூரம்வரையே காக்கும். ஆகவே கலங்கரை விளக்கத்திற்கு இது உதவாது. நுண்பொருட் காட்சிக்கே ஏற்றது. உயிர்த்தசையின் பரந்த பகுதியை ஒருங்கே தெளிவாய்க் காட்டும் உருப்பெருக்கியில், 2014-இல் இவ்வொளியைப் பயன்படுத்தினர்.

வானவில்லின் ஓரத்தைக் கணித்தவர் உருப்பெருக்கியைக் கருதினாரல்லர். உடனே பயன் தாராத கல்வி வீண் என்று கூறுவார்க்கு, மாணவ நண்பர்களே, இதனினும் தக்க விடை வேறுண்டோ?