தெளிவும் ஒரு மருந்தே

நோய் வந்தபின் நீக்குவதினும் வருமுன் காத்தலே சிறந்தது. குழந்தைகளுக்குத் தடுப்பு மருந்து அளிப்பது இதன் பொருட்டே. ஆயின், குழந்தை தானே மருந்தை நாடி வாராது. பெற்றோரே அதனை எடுத்துவருதல் வேண்டும். அவர்தம் உள்ளத்தில் ஐயம் இருப்பின், மருந்து குப்பியிலேயே தங்கிவிடும். இந்தியாவில் இளம்பிள்ளை வாதம் ஒழிந்த வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்கும்.

இந்நோயின் நுண்கிருமி அழுக்கு நீர், தூய்மையற்ற கை முதலியவற்றின் வழியே குடலிற் புகும். சிலருக்கு நரம்பைத் தாக்கிக் கால்களை முடமாக்கும். முடமானபின் அதனை மாற்றும் மருந்து இல்லை. ஆதலால் இந்திய அரசு 1995ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் நாள் குறித்துச் சொட்டு மருந்து வழங்கலாயிற்று.

எனினும் 2002ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,600 பேர் இந்நோயால் தாக்குண்டனர். அவருட் பெரும்பாலோர் உத்தரப் பிரதேசத்துக் குழந்தைகள். 'இம்மருந்து பிற்காலத்தில் பிள்ளைப்பேற்றைக் கெடுக்கும்' என்னும் பொய்யுரை அங்குப் பரவியிருந்தது. 'முன்னரே கொடுத்தாயிற்றே, மீண்டும் எதற்கு?' என்று வினவிக் கதவடைத்தோரும் உளர்.

அவர்களைக் கடிந்துரைத்துப் பயன் இல்லை. எனவே, அவ்வத் தெருவில் வாழும் பெண்களே பணிக்கு அமர்த்தப்பட்டனர். அவர்கள் வீடுதோறும் சென்று, தாய்மாரின் ஐயங்களைப் பொறுமையுடன் கேட்டனர். வயிற்றுப்போக்கு மிகுந்த இடங்களில் ஒருமுறை அளித்த மருந்து சில குழந்தைகளுக்குப் பயன் தாராது போதலும் உண்டு. ஆதலின் பன்முறை அளிக்க வேண்டும் என எளிய மொழியில் எடுத்துரைத்தனர். சமயப் பெரியோரும் துணை நின்றனர். பள்ளிச் சிறுவர்கள் கூட்டமாகத் தெருத்தெருவாகச் சென்று, சிறு குழந்தைகளை மருந்திடும் இடத்திற்கு அழைத்துவந்தனர். மருந்துண்ட குழந்தையின் விரலில் மை இடப்பட்டது.

அடைத்த கதவுகள் மெல்லத் திறந்தன. 2011ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 13ஆம் நாள் மேற்கு வங்கத்து ஹௌராவில் ஒரு பெண் குழந்தை நோயுற்றதே இந்தியாவில் இயற்கைக் கிருமியால் நேர்ந்த இறுதி நிகழ்ச்சி. 2014ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 27ஆம் நாள், இந்நாடு இந்நோயினின்று விடுபட்டதென உலக நலவாழ்வு நிறுவனம் சான்றளித்தது.

தட்டம்மை, தொண்டை அடைப்பான், கக்குவான் முதலியவை இன்னும் ஒழியவில்லை. வீட்டில் தம்பியோ தங்கையோ இருப்பின், அக்குழந்தையின் தடுப்பூசி அட்டையை மாணவர் எடுத்துப் பார்த்தல் நன்று. அடுத்த ஊசிக்குரிய நாளைப் படித்துப் பெற்றோர்க்குச் சொல்லுதல் வேண்டும். ஐயம் எழுமாயின், அதனை ஊர்ச் செவிலியரிடம் கேட்டுத் தெளிதல் நலம். கற்ற கல்வி ஓர் உயிரைக் காக்கப் பயன்படுமாயின், அதனினும் சிறந்த பயன் வேறு யாது?